கார் விலைக்கு வாங்கிய குரல்

ராயப்பேட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். இருபத்தைந்து வருடமாக ஒரே கட்டடம். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் நான். நாற்காலியில் படுத்திருப்பவர்களால் பேச முடியாது என்பதால் பெரும்பாலும் நானேதான் பேசிக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு நோயாளி மட்டும் வாயில் பஞ்சு இருக்கும்போதே பேசுவார். அடையாற்றில் விலை கூடிய ஆடியோ சாதனங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். வேர் சிகிச்சைக்காக நான்கு முறை வந்தார். நான்கு முறையும் ஒரே பேச்சு.

"டாக்டர், நீங்க இதுவரைக்கும் பாட்டே கேட்டதில்லை. கேட்டதா நெனச்சிண்டிருக்கேள், அவ்வளவுதான்."

நான் சிரித்துக்கொண்டே இயந்திரத்தை ஓட்டுவேன். கடைசி முறை பல்லுக்குக் குல்லா மாட்டி, கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது அவர் பல்லைப் பார்க்கவில்லை.

"வாங்கணும்னு இல்லை. ஒரு தடவை வந்து உக்காந்து கேளுங்கோ. உங்களுக்கு நன்னாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு எடுத்துண்டு வாங்கோ. தெரிஞ்ச பாட்டுலதான் வித்தியாசம் தெரியும்."

எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு எது என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் சமையலறையில் ஒரு குட்டி ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது, மனைவி காலையில் அதில் ஏதாவது போடுவாள், நான் குளித்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் என் சங்கீதம். கடைசியில் நினைவுக்கு வந்தது ஒரு கேசட். நான் எட்டாவது படித்தபோது மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழு வெளியிட்ட கிறிஸ்துமஸ் கேசட் அது. பள்ளிக் கூரையை மாற்றப் பணம் திரட்டுவதற்காக விற்றார்கள். எட்டுப் பாட்டுகள். குழுவில் முப்பது பேர். அதில் ஒருவர் என் அம்மா.

அம்மா இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். என் கைபேசியில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் பதினொன்று இருக்கின்றன. எல்லாமே மூச்சு வாங்க, "மாத்திரை தீந்துடுச்சு, வரும்போது வாங்கிட்டு வா" என்ற வகை. ஆஸ்துமா வந்து பாட்டை நிறுத்திவிட்ட பிறகான குரல். பாடுகிற அம்மா இருப்பது அந்தக் கேசட்டில் மட்டும்தான், முப்பது பேருக்குள் ஒருவராக. யாரோ உறவினர் அதைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் அடையாறு போனேன்.

கடையின் உள்ளே ஒரு அறை. கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் கத்தரித்தது போல நின்றது. ஒரே ஒரு சோபா. எதிரே என் மார்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், பளபளவென்று, பியானோ மாதிரி. நடுவில் ஒரு தாழ்ந்த மேசையில் கனமான ஆம்ப்ளிஃபயர். அவர் ஸ்பீக்கரின் உச்சியில் இருந்த சின்ன உலோகக் குமிழைக் காட்டி, "இதுக்குத்தான் பாதி விலை. மேல் சத்தமெல்லாம் இதுலேர்ந்துதான் வரும்" என்றார். நான் தலையாட்டினேன்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாக இருந்தன. பெரிதாக, தெளிவாக. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது பாட்டு எங்கள் பங்குப் பள்ளி ஆசிரியர் ஒருவரே எழுதியது. இரண்டாம் சரணத்தில் "வாடைக் காற்றே" என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து தொடங்கும் இடம். எல்லோரும் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பாக ஒரே ஒரு குரல் உள்ளே வந்தது. வலது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி, யாரோ நிற்கிற மாதிரி. மூச்சை இழுத்து, "வா" என்று அவசரமாக ஆரம்பித்து, மற்றவர்கள் வந்ததும் அவர்களுக்குள் கலந்துவிட்டது.

அம்மாவுக்கு எதிலும் அவசரம். பஸ் நிற்பதற்கு முன்னால் படிக்கு வந்துவிடுவார். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டை எடுக்கக் கை நீட்டுவார்.

"திரும்பப் போடுங்க" என்றேன். போட்டார். மறுபடியும் வந்தது. நாலைந்து முறை கேட்டேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் டிஷ்யூ டப்பா வைத்திருந்தார். அதை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். அந்த டப்பா ஏன் அங்கே இருந்தது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

விலையை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கலாம் என்றால் போதும். உண்மையில் பழைய காரை மாற்றத்தான் நானும் மனைவியும் சேர்த்து வைத்திருந்தோம்.

மனைவி பள்ளியில் இசை ஆசிரியை. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "அம்மா குரல் கேட்டுச்சு" என்று நான் சொன்னதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வரட்டும். கேட்போம்" என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து எங்கள் ஹாலில் பொருத்தினார்கள். கடைக்காரரும் கூடவே வந்தார். ஹாலின் நடுவில் நின்று இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். அதன் எதிரொலியைக் காதைச் சாய்த்துக் கேட்டார். திரைச்சீலை கனமாக வேண்டும், தரையில் விரிப்பு வேண்டும், அலமாரியை அந்தச் சுவருக்கு மாற்றினால் நல்லது என்றார். மாதா படம் இருந்த ஸ்டாண்டை மட்டும் மனைவி நகர்த்த விடவில்லை.

அவர்கள் போன பிறகு அவளை சோபாவில் உட்கார வைத்தேன். மூன்றாவது பாட்டு. இரண்டாம் சரணம் வந்ததும் நான் அவள் முகத்தையே பார்த்தேன். குரல் வந்தது. கடையில் கேட்டது போல அவ்வளவு பக்கத்தில் இல்லை, ஆனால் வந்தது.

"கேட்டியா?"

"கேட்டேங்க."

"அம்மா."

அவள் இன்னொரு முறை போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இது அத்தை இல்லைங்க."

"என்ன?"

"இது மேல்குரல் பாடுறவங்க. அத்தை கீழ்க்குரல். எப்பவுமே கீழ்க்குரல்தான். நான் அவங்க பக்கத்துல நின்னு பதினோரு வருஷம் பாடியிருக்கேன். அவங்க மூச்சு எடுக்கிற சத்தம் எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் வருவதற்குப் பதினைந்து வருடம் முந்திய பதிவு இது, அப்போது அம்மாவுக்கு வயது என்ன, குரல் என்ன, உனக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? நீங்க கேட்டீங்க, சொன்னேன்" என்றாள். பிறகு எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குக் காது நல்ல காது. ஒரு வகுப்பே சேர்ந்து பாடும்போது எந்தப் பிள்ளை சுருதி விலகுகிறது என்று விரலை நீட்டுபவள். அதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் போடா என்று விட்டிருப்பேன்.

மூன்று நாள் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நான்காம் நாள் காலை, நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. குட்டி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மிக்ஸி பக்கத்தில், உப்பு ஜாடி மறைவில், தோசை சத்தத்துக்கு நடுவே. இரண்டாம் சரணம் வந்தது. அந்தக் குரலும் வந்தது.

முகத்தில் நுரையோடு சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"இதுலயும் கேக்குதுல்ல?" என்றாள், என்னைப் பார்க்காமலே.

கேட்டது. சந்தேகமே இல்லாமல் கேட்டது. வருடக்கணக்காக ஒவ்வொரு டிசம்பரிலும் இதே ஸ்பீக்கரில் இதே பாட்டைக் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அந்தக் குரல் என் காதில் விழுந்ததில்லை. அடையாற்றில் கேட்ட பிறகு இப்போது எதில் போட்டாலும் விழுகிறது. காரில், கைபேசியில், எல்லாவற்றிலும். அப்படியென்றால் அந்தப் பெரிய ஸ்பீக்கர் எனக்கு என்ன செய்தது? இருந்ததைக் காட்டியதா? ஒருமுறை காட்டுவதற்கா ஒரு கார்? அல்லது அந்த அறையின் அமைதியும், சோபாவும், யாரும் கூப்பிடாத அந்த அரை மணி நேரமும்தான் காட்டினவா? அப்படியென்றால் அதை எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பெற்றிருக்கலாமே.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஒரு பரீட்சை வைத்தாள். என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பாட்டை மாற்றி மாற்றிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு எது பெரிய சிஸ்டம், எது டிவியோடு வந்த பழைய ஸ்பீக்கர் என்று சொல்ல வேண்டும். சத்த அளவை முடிந்தவரை ஒன்றாக வைத்தாள். முதல் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு தொடர்ந்து மூன்று தவறு. அதில் ஒன்றில், "இதுதான், இதுல அந்தச் சாரமே இருக்கு, சந்தேகமே இல்ல" என்று கையை ஆட்டிப் பேசினேன். திரும்பிப் பார்த்தால் டிவி ஸ்பீக்கர்.

அவள் சிரிக்கவில்லை. "வாங்க, ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடலாம்" என்றாள். டிவி சத்தத்தை நான் கூட்டி வைப்பதைப் பல நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாளாம்.

தி.நகரில் ஒரு காது பரிசோதனை மையம். கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள் ஹெட்ஃபோனோடு உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார் ஒரு இளம்பெண். நான் சுறுசுறுப்பாக அழுத்தினேன். நடு நடுவே நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. கருவி பழுதோ என்று வெளியே பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் மும்முரமாகக் குறித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். கோடு நேராகப் போய், ஒரு இடத்தில் மலைச்சரிவு போல இறங்கியது.

"இது மேல் சத்தம் சார். கொசு, விசில் மாதிரி. உங்களுக்கு இந்தப் பக்கம் குறைஞ்சிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"அந்த மிஷின் சத்தமாத்தான் இருக்கும். உங்க தொழில்ல இப்படிப் பார்த்திருக்கோம் சார். பேச்சுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"பாட்டு?"

"தாராளமா கேளுங்க. மேல கொஞ்சம் உங்களுக்கு வராது, அவ்வளவுதான்."

மேலே கொஞ்சம். அந்தக் குமிழுக்குத்தான் பாதி விலை. வாசலில் நின்றே கடைக்காரருக்குப் போன் போட்டேன். குற்றம் சொல்லத்தான் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"எனக்கும் அப்படித்தான் டாக்டர். அம்பது தாண்டியாச்சே. விசில் மாதிரி சத்தமெல்லாம் எனக்கும் கேக்காது."

"அப்ப எதை வச்சு விக்கிறீங்க?"

"நல்ல சிஸ்டம்னா உக்காந்த ஒடனே தெரிஞ்சுடறது. எப்படின்னு மட்டும் கேக்காதீங்கோ. வேண்டாம்னு தோணித்துன்னா சொல்லுங்கோ, பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன்."

அந்தப் பாதி விலை என்னை ஒரு வாரம் அரித்தது. ஒரு நாள் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுப்பேன். வீட்டுக்கு வந்து ஒரு பாட்டு போட்டால், அது என்னவோ நன்றாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கிறதா, கொடுத்த விலைக்கு நன்றாக இருந்தாக வேண்டும் என்று என் மனது சொல்கிறதா? தெரியவில்லை.

ஆனால் அம்மாவின் விஷயத்தையாவது தெளிவாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அப்பாவின் பீரோவில் அந்தக் கேசட் இன்னும் இருந்தது. அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒலிப்பதிவு செய்த மைக் செட் கடையின் விலாசம். ராயப்பேட்டை. என் கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு. இருபத்தைந்து வருடமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

கடைக்குள் கூம்பு ஸ்பீக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அறுபத்தைந்து வயது இருக்கும் ஒருவர் தரையில் உட்கார்ந்து சீரியல் லைட்டைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கேசட்டைக் காட்டினேன். வாங்கி, கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார்.

"இத்த எங்க சார் புட்ச்சீங்க? மறக்க முடியுமா இத்த. ரொம்பப் பேஜாரான வேல."

"ஏன்?"

"ரெண்டு மைக்கு வெச்சேன். ஆம்பளைங்க பக்கம் ஒண்ணு, லேடீஸ் பக்கம் ஒண்ணு. லேடீஸ் பக்கத்து ஒயரு பூட்ச்சி. எனக்குத் தெரியவே தெரியாது. வூட்டுக்குப் போயி போட்டுப் பாத்தா, ஆம்பளைங்க குரல்தான் கீது. லேடீசு எங்கியோ கெணத்துக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி கீது."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஃபாதர் கால்ல வியுந்தேன். அவுருதான் தி.நகர்ல ஒரு ஸ்டுடியோவுல சொல்லி வெச்சாரு. கோரஸ் பாடுற பொண்ணுங்க ரெண்டு பேர இட்டாந்து, லேடீஸ் பாட்ட மட்டும் அதே டேப்பு மேல ஏத்தினோம். யாராண்டயும் சொல்லாதன்னு ஃபாதர் சொன்னாரு. கோயில்ல பாடுனவங்க மனசு நோவும்ல? இத்தினி வருசமா சொல்லல. இப்ப ஃபாதரும் இல்ல."

அப்படியானால் நான் அடையாற்றில் அழுதது கூலிக்குப் பாடிய, பெயர் தெரியாத யாரோ ஒரு பெண்ணுக்காக. அவருக்கு என் முகம் என்னவோ போல இருந்திருக்க வேண்டும். "இன்னா சார், இன்னா விசயம்?" என்று எழுந்து வந்தார். சொன்னேன். அம்மாவைப் பற்றி, முந்திக்கொண்டு வரும் குரலைப் பற்றி.

"அது தெர்ல சார். கேட்டாத்தான் சொல்ல முடியும்" என்றார். வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது மைக் செட்காரர் வாசலில் காத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஆற்றோரக் குடிசையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றியபோது அவர் குடும்பமும் போய்விட்டதாம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரைத் தொடலாமா என்று கேட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

பாட்டு தொடங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. "அந்தா, ஃபேனு. நிறுத்தச் சொன்னேன், யாரோ போட்டுட்டாங்க" என்றார். "அந்தா, பெஞ்சு இழுக்குறான் பாரு." நான் அதுவரை கேட்காதவை அவை. இரண்டாம் சரணம் வந்தது. கையைத் தூக்கினார்.

"இன்னொரு தபா போடுங்க."

போட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது கோரஸ் பொண்ணு இல்ல சார். அதுங்க தொழில்காரிங்க. கரெக்டா எடத்துலதான் வரும். இது முந்திக்கினு வருது." யோசித்தார். "பாட்டு சொல்லிக் குடுக்க கோயில்லேர்ந்து ஒரு டீச்சரம்மா வந்துகினு இருந்தாங்க. மூணு நாளு. அந்தப் பொண்ணுங்களுக்குப் பாட்டு தெரியாதுல்ல? மைக்காண்டயே நின்னு, கைய காட்டிக்கினே கூடவே பாடுவாங்க. தள்ளி நில்லும்மான்னு சொல்லுவேன். கேக்க மாட்டாங்க. அவங்களா இருக்கும்."

மனைவி எழுந்து போய் அம்மாவின் பழைய புகைப்படத்தை எடுத்து வந்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அந்தம்மா நல்லா ஒயரம் சார். கண்ணாடி போட்டிருந்தாங்க."

அம்மா உயரம் இல்லை. கண்ணாடி போட்டது ஓய்வு பெறும் வயதில்.

"இவங்களா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அப்ப இருவத்தி சொச்சம் வயசு, டீச்சருன்னாலே ஒயரமாத்தான் தெரிவாங்க. பொய் சொல்லக் கூடாது சார்" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரியாணி சாப்பிட்டுவிட்டு, போகும்போது கேட்டார்: "தப்பா நெனச்சிக்காதீங்க. எவ்ளோ சார் இது?"

நான் பாதி விலையைச் சொன்னேன். அதற்கே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யம்மாடி! நான் வெச்சது ரெண்டு மைக்கு சார். சேட்டு கடையில வாங்குன பழைய மைக்கு. அத்தக் கேக்கறதுக்கா இது?" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டியவர், மாட்டியபடியே ஹாலைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா அந்த பெஞ்சு சத்தம் இத்தினி வருசம் கயிச்சி இன்னிக்குத்தான் எனக்கே கேக்குது."

அவர் போனதும் மனைவி சொன்னாள், "அத்தைதாங்க அது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீதானே இல்லன்ன?"

"சொல்லிக் கொடுக்கப் போனாங்கன்னா மேல்குரலைத்தானே பாடிக் காட்டியிருப்பாங்க. நான் கேட்டதெல்லாம் அவங்க கீழ்க்குரல். மேல போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதுவும், தள்ளி நில்லுன்னா கேக்க மாட்டாங்கன்னு சொன்னாரே. அது வேற யாரு?"

இப்போது நான்தான் மறுத்தேன். அம்மா எதையும் மறைக்கத் தெரியாதவர். பஸ்ஸில் கண்டக்டர் சொன்னதைக்கூட இரவு சாப்பாட்டின்போது எங்களுக்குச் சொல்லிவிடுவார். சினிமாப் பாட்டு பதிவு செய்கிற ஸ்டுடியோவுக்கு மூன்று நாள் போய்விட்டு வந்து வாயைத் திறக்காமல் இருந்திருப்பாரா?

"ஃபாதர் சொல்லாதேன்னு சொன்னா?" என்றாள்.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு டிசம்பர் மாதம், மூன்று நாளோ நான்கு நாளோ, அப்பா உப்புமா கிண்டினார். கட்டி கட்டியாக. அம்மா ஸ்பெஷல் கிளாஸ் என்று தாமதமாக வந்தார். நான் எட்டாவதா, ஆறாவதா? அது டிசம்பர்தானா? பரீட்சை மாதத்தில் ஸ்பெஷல் கிளாஸ் இருப்பது இயல்புதானே? அந்த உப்புமா உண்மையிலேயே நடந்ததா, அல்லது அந்த ஞாயிறு மதியம் சோபாவில் உட்கார்ந்தபடி நானே கிண்டியதா? இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. கேட்க அப்பாவும் இல்லை.

சிஸ்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது மனைவி வேண்டாம் என்றாள். அதில் பாட்டுக் கேட்கலாம் என்று அவள் சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. பழைய காரையே ஓட்டுகிறோம். கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் இளம் டாக்டர் தானும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். "கட்டாயம் போய்க் கேளுங்க" என்றேன். கையுறையைக் கழற்றும்போது, "வாங்கிடாதீங்க" என்றேன். கை கழுவி முடித்து, "இல்ல, உங்க இஷ்டம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன மாதம் மைக் செட்காரர் போன் செய்தார். தன் மனைவியை ராயப்பேட்டை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு அழைத்து வந்திருப்பதாகவும், வேலை முடிந்துவிட்டதென்றும், அந்தப் பாட்டை அவளும் ஒருமுறை கேட்கலாமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். வரச் சொன்னேன். எனக்கும் அன்று மதியம் நோயாளிகள் இல்லை.

அந்த அம்மா மெலிந்திருந்தார். கையில் எக்ஸ்ரே கவர். காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, வரிசையில் நின்று, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று வந்திருந்தார். சோபாவில் உட்காரச் சொன்னதும் தரையில் உட்காரப் போனார். மனைவி கையைப் பிடித்து மேலே உட்கார வைத்தாள். மின்விசிறியைக் கூட்டினேன். பாட்டைப் போட்டேன்.

முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது. எக்ஸ்ரே கவர் மடியிலிருந்து நழுவியது. அவர் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தப் போனேன்.

"வுடுங்க சார், ஓடட்டும்" என்றார் மெதுவாக. "நாலு மாசமா இவளுக்குத் தூக்கமே கெடையாது. இருமிக்கினே இருப்பா."

சத்தத்தை வெகுவாகக் குறைத்தேன். இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு. இரண்டாம் சரணம் வந்தபோது நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு சின்னச் சத்தத்தில் அந்தக் குரல் வந்ததா, நாங்களாகப் போட்டுக்கொண்டோமா, தெரியவில்லை. மனைவி டீ டம்ளரோடு அப்படியே நின்றாள்.

எட்டுப் பாட்டும் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா விழித்தார். சுற்றிலும் பார்த்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"பாட்டு போடலியா?"

"போட்டாச்சும்மே. முட்ஞ்சி பூட்ச்சி" என்றார் கணவர்.

அவர் வெட்கத்தோடு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பெரிய இடத்தில் கேட்பது போல மரியாதையாகக் கேட்டார்:

"நல்லா இருந்துச்சா சார்?"

நான் வாயைத் திறந்தேன். மனைவியைப் பார்த்தேன். அவள் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சும்மா, வேற போட்டுத் தரேன்" என்று உள்ளே போனாள்.